அஷ்டமிக்கு முந்தின நாள் சால்மன்

பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கிற ஆள் ஒரு குடும்பத்தில் ஒருத்தர் இருந்தால் போதும், மற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான். பிஸ்கட்டோ தக்காளி சாஸோ, எது கையில் கிடைத்தாலும் திருப்பிப் பார்த்து, "இதுல என்னென்ன போட்டிருக்கான் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவேன். (என்னென்ன போட்டிருக்கிறான் என்று எனக்கும் தெரியாது. பாதிப் பெயர்கள் வாயிலேயே நுழையாது.) சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தத் தொல்லை மனிதர்களோடு நின்றிருந்தது. அதை நாய்களிடமும் கொண்டுபோனதுதான் வினை.

என் அக்கா திலகாவும் குமார் மச்சானும் கோலாலம்பூருக்கு வெளியே ஜெஞ்சாரோமில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வாடகை நிலத்தில், தெருவில் விடப்பட்ட நாய்களை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அப்போது நாற்பது சொச்சம் நாய்கள். நான் கிள்ளானிலிருந்து வார இறுதியில் உதவிக்குப் போவேன். உதவி என்றால் நாற்காலியில் உட்கார்ந்து யோசனை சொல்வது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் நாய்த் தீனிச் சாக்கு கண்ணில் பட்டது. திருப்பினேன். எடுத்த எடுப்பில் மக்காச்சோளம். கோழி எங்கே என்று தேடினால், கோழியில் நாம் சாப்பிடாமல் தள்ளுகிற சமாச்சாரங்கள் நடுவில் எங்கேயோ இருந்தன. அப்புறம் சிவப்புச் சாயம், பச்சைச் சாயம். கடைசியில் ஒரு வரி, சாம்பல் என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா, இதுல சாம்பல் கலந்திருக்கான்க்கா!"

"கலக்கலடா. தீனிய எரிச்சுப் பாத்தா மிஞ்சுற உப்புச் சத்து அது. எல்லா சாக்குலயும் போட்டிருப்பான்."

"தீனிய எதுக்கு எரிச்சுப் பாக்கணும்?"

"நீ மொதல்ல எழுந்து வந்து இந்தக் காதப் புடி," என்றாள் அக்கா. அவள் கறுப்பன் என்ற கிழட்டு நாயின் காதில் உண்ணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினேன். ஒருவர் நாய்க்குத் தானியமே ஆகாது என்றார். இன்னொருவர் தானியம் இல்லாவிட்டால் இதயம் கெடும் என்றார். மூன்றாமவர் பச்சை இறைச்சிதான் என்று சத்தியம் செய்தார். நான்காமவர் தன் நாயைச் சைவமாக்கி அதற்கு விபூதியும் பூசியிருந்தார். படித்து முடித்தபோது முன்பைவிட அதிகமாகக் குழம்பியிருந்தேன். ஆனால் மிகுந்த தைரியத்தோடு குழம்பியிருந்தேன். அந்தச் சாக்கு குப்பை என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு வேறு கவலை. அதுவரை தீனிச் சாக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு புண்ணியவான் குடும்பத்தோடு ஜொகூருக்கு மாறிப் போய்விட்டார். இருக்கிற சாக்குகள் தீர்ந்தால் நாற்பது வாய்க்கு என்ன போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடை வைத்திருக்கும் செல்வராஜு அங்கிள் போன் பண்ணினார். அவர் மகளுக்கு வந்த வரன்கள் எல்லாம் தட்டிப் போய்க்கொண்டிருந்தன. தேய்பிறை அஷ்டமியில் பைரவரை நினைத்து நாய்களுக்குச் சாதம் வைக்கும்படி யாரோ சொல்லியிருந்தார்கள். அஷ்டமி விழும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், மனசுக்குத் திருப்தியாக இருந்தால் மாதாமாதம் தீனி அனுப்புவதாகவும் சொன்னார்.

எனக்குள் ஒரு திட்டம் உதித்தது. அவர் வரும்போது நாய்கள் உயர்ந்த ரகத் தீனியைத் தின்று பளபளவென்று நின்றால், அந்த ரகத்தையே அனுப்புவாரே? (ஒரே ராத்திரியில் எப்படிப் பளபளக்கும் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுக்கொள்ளவில்லை.) கிள்ளானில் செல்லப்பிராணிக் கடை வைத்திருக்கும் நண்பன் ஒருவனிடம் விற்காமல் தங்கிவிட்ட சால்மன் தீனி இருந்தது. இறக்குமதிச் சரக்கு. பைமேல் ஒரு மீன் தண்ணீரிலிருந்து துள்ளிக்கொண்டிருந்தது. அத்தனையையும் காரில் ஏற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்காவும் மச்சானும் பூஜைச் சாமான் வாங்கக் கிளம்பினார்கள். தீனி போடும் வேலையை என்னிடம் விட்டுப் போனார்கள். பழைய சாக்கை மூலையில் தள்ளிவிட்டு, தட்டுத் தட்டாகச் சால்மனைக் கொட்டினேன். கேட்கக் கேட்கப் போட்டேன். நாய்கள் தட்டையும் சேர்த்து நக்கின. கறுப்பன் பக்கத்துத் தட்டையும் நக்கினான். தரம் என்றால் இதுதான் என்று எனக்குக் கண் கலங்கியது. அக்காவுக்கு நாளைக்கு இன்ப அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் புது ஜிப்பா போட்டுக்கொண்டு வந்து கேட்டைத் திறப்பதற்குள் வாடை என்னை வரவேற்றது. மச்சான் காற்சட்டையை முட்டிவரை சுருட்டிவிட்டு ரப்பர் குழாயோடு நின்றிருந்தார். நாற்பது சொச்சம் நாய்களும் ஒரே நேரத்தில் வயிற்றைத் திறந்துவிட்டிருந்தன.

"என்னடா குடுத்த?" என்றாள் அக்கா.

"சால்மன்க்கா. ஒசத்தி சரக்கு."

"பழசோட கலந்தியா?"

"நல்லதுல எதுக்குக்கா கெட்டதக் கலக்கணும்?"

அக்கா கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். "எவ்ளோ ஒசத்தியா இருந்தாலும் திடீர்னு மாத்தக் கூடாதுடா. மொத நாள் கொஞ்சம், அடுத்த நாள் கொஞ்சம்னு பழசோட கலந்து ஒரு வாரம் குடுக்கணும். பையிலயே போட்டிருப்பானே. நீதான் படிக்கிற ஆளாச்சே?"

போட்டிருந்தான். பையின் விலாப்பக்கத்தில். நான் பின்பக்கம் மட்டும்தான் படிப்பேன்.

அக்கா கால்நடை மருத்துவருக்குப் போன் பண்ணினாள். எந்தத் தீனியும் வேண்டாம், நிறையத் தண்ணீர் வையுங்கள், பசித்தால் வெறும் சோறும் கொஞ்சம் தயிரும் போடுங்கள், நாளைக்குச் சரியாகிவிடும் என்று அவர் சொல்லி முடிக்கும்போது வாசலில் வேன் வந்து நின்றது.

செல்வராஜு அங்கிள் வெள்ளை வேட்டியில் இறங்கினார். ஆன்டி பட்டுச்சேலையில், கையில் வாழை இலைக் கட்டோடு இறங்கினார். பின்னால் ஒரு பெரிய பானை. தாளிக்காத தயிர் சாதம். கறுப்பு நாய்க்குப் போட ஒரு சாமந்தி மாலை வேறு.

"கறுப்பு நாய் மொதல்ல வாய் வைக்கணும்," என்றார் அங்கிள். "அப்பதான் பைரவர் ஏத்துக்கிட்டார்னு அர்த்தம்."

மற்ற நாட்களில் கேட் சத்தம் கேட்டாலே மேலே விழுந்து பிராண்டும் நாய்கள் அன்றைக்கு ஆளுக்கொரு மூலையில் துவண்டு கிடந்தன. இலை விரித்து, கற்பூரம் காட்டி, சாதம் வைத்தார்கள். ஒன்றுகூட எழவில்லை. கறுப்பன் மாலையோடு படுத்துக் கிடந்தான்.

"ஏங்க, ஒண்ணுகூட வரமாட்டுதே," என்று ஆன்டியின் குரல் உடைந்தது. எனக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. ஒரு பெண்ணின் கல்யாணத்தையும் நாற்பது நாய்களின் சோற்றையும் ஒரே தட்டில் கெடுத்துவிட்டேனே!

"நேத்து என்ன சாப்பிட்டுச்சு?" என்று அங்கிள் கேட்டார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள். பொய் சொல்லத் தெரியாத குமார் மச்சான்தான் முந்திக்கொண்டார். "ராத்திரி பூரா வயித்துல ஒண்ணும் தங்கல அங்கிள். எல்லாம் வெளிய போயிருச்சு."

அங்கிள் நாய்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகக் கைகூப்பினார்.

"அஷ்டமிக்கு வயித்தச் சுத்தம் பண்ணிட்டு வெரதம் இருந்திருக்கு லா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவளுக்கும் புரியவில்லை. அப்போது கறுப்பன் எழுந்தான். ஆடி அசைந்து வந்து இலையை முகர்ந்தான். தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தயிர் சாதத்தில் வாயை வைத்தான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வந்தன. ஆன்டி அழுதுவிட்டார். மருத்துவர் சொன்ன அதே பத்தியச் சாப்பாட்டைப் பானையோடு அனுப்பி வைத்த பைரவரை நினைத்து நானும் கொஞ்சம் அழுதேன்.

"வழக்கமா என்ன போடுவீங்க?" என்று அங்கிள் கேட்க, அக்கா மூலையில் கிடந்த பழைய சாக்கைக் காட்டினாள்.

"இதத் தின்னுட்டுத்தான் இவ்ளோ கட்டுப்பாடா இருக்குதா? அப்ப இதையே மாசா மாசம் அனுப்புறேன்." திடீரென்று என் பக்கம் திரும்பினார். புது ஜிப்பாவில் நான் விவரமானவன்போல் தெரிந்திருக்க வேண்டும். "தம்பி, நீங்க சொல்லுங்க. இது நல்ல தீனிதானே?"

மக்காச்சோளம், சிவப்புச் சாயம், சாம்பல் எல்லாம் என் கண்முன் வந்து போயின. அக்கா, மச்சான், கறுப்பன் மூவரும் என்னையே பார்த்தார்கள்.

"ரொம்ப நல்ல தீனி அங்கிள்," என்றேன்.

அந்தச் சாக்குதான் இன்றுவரை மாதாமாதம் லோரியில் வருகிறது. எது நல்லது என்று மருத்துவரிடமே ஒருமுறை கேட்டேன். அந்தச் சாக்கு பரவாயில்லை, சால்மனும் நல்லதுதான் என்றார். அப்படியானால் எதைத்தான் போடுவது என்றேன். "நீங்க எதையும் போடாதீங்க," என்றார். எனக்கு இன்னும் குழப்பம்தான். மிச்சமிருந்த சால்மனை அக்கா கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போட்டுத் தீர்த்தாள். ஒரு நாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை.

செல்வராஜு அங்கிள் மகளுக்கு அடுத்த வருஷமே கல்யாணம் நடந்தது. பைரவர் புண்ணியம் என்று எங்கள் எல்லாரையும் கோலாலம்பூர் ஹோட்டல் விருந்துக்கு அழைத்து, குடும்ப மேசையில் உட்கார வைத்தார். பரிமாற வந்தவர் என் தட்டில் பெரிய துண்டாக ஒரு மீனை வைத்து, "சால்மன், சார்," என்றார். எல்லாரும் என் தட்டைப் பார்த்தார்கள். குமார் மச்சான் வெள்ளைச் சோற்றுக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"கலந்து சாப்பிடுடா," என்றாள் அக்கா. "ஒரு வாரத்துக்கு."