பாலே டீச்சர் பாராட்டிய வாரம்

"நீங்க திட்டுறதைப் பத்தி ஒரு புகார் வந்திருக்கு" என்றார் நடனப் பள்ளி மேனேஜர்.

பாலே நடனம் சொல்லித்தரும் டீச்சர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு காலை மேனேஜரின் ஃபைல் அலமாரி மீது நீட்டி வைத்திருந்தார். யாரிடம் பேசினாலும் அவருக்குக் கால் சும்மா இருக்காது. இந்தச் செய்தியைக் கேட்டதும் முதல் முறையாகக் கால் தானாகவே கீழே இறங்கியது.

"யார் எழுதினது?"

"அதைச் சொல்லக் கூடாது. லெட்டரையும் காட்டக் கூடாது. விதி அப்படி."

"எந்த வகுப்புன்னாவது சொல்லலாமில்ல?"

"காலையில ஆறரை மணி வகுப்பு. வெள்ளிக்கிழமை நானே வந்து உக்காந்து பாக்கப் போறேன். புகார் உண்மைன்னு தெரிஞ்சா அந்த வகுப்பை மாடி டீச்சருக்குக் குடுத்துடுவேன். வருத்தப்படாதீங்க."

மாடி டீச்சர் என்பவர் மேல் மாடியில் பாலே சொல்லிக்கொடுப்பவர். யார் என்ன செய்தாலும் "சூப்பர்" என்பார். மூன்று வருடம் அவரிடம் கற்றவர்களுக்குத் தங்களுக்கு ஆட வரவில்லை என்ற விஷயமே தெரியாது. ரொம்ப சந்தோஷமாக இருந்தார்கள்.

ஆறரை மணி வகுப்பில் ஒன்பது பேர். எல்லாரும் வேலைக்குப் போகும் பெரியவர்கள். பல் டாக்டர், லாரி டிரைவர், வக்கீல் அம்மா, தையல்காரம்மா, நூலகத்து அம்மா என்று ஆளுக்கு ஒரு தொழில். வந்து சேர்ந்த அன்று ஒருவராலும் குனிந்து தன் கால் விரலைத் தொட முடியவில்லை. இரண்டு வருடம் டீச்சர் தொண்டை வறளத் திட்டித் திட்டியே அவர்களை நிமிர்த்தியிருந்தார். லாரி டிரைவர் முதல்முதலாக ஒற்றைக் காலில் எட்டு எண்ணும் வரை நின்ற அன்று, "எட்டோட ஏன் நிறுத்துறீங்க, ஒன்பது வராதா?" என்று கத்திவிட்டு, டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சந்தோஷத்தில் தனியாக உட்கார்ந்து அழுதார். அந்த ஒன்பது பேரையும் "சூப்பர்" கையில் பிடித்துக் கொடுப்பதை நினைத்தாலே அவரால் தாங்க முடியவில்லை.

அவர்களில் ஒருவர்தான் புகார் எழுதியிருக்கிறார் என்பதை இன்னும் தாங்க முடியவில்லை.

சரி, இனிமேல் திட்டக் கூடாது. பாராட்ட வேண்டும். பழக்கமில்லாத காரியம் என்பதால் முதலில் வீட்டில் ஒத்திகை பார்த்தார். சமையலறையில் கணவர் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப அழகா நறுக்குறீங்க."

கத்தி நின்றது. கணவர் திரும்பிப் பார்த்தார். பின்பு மெதுவாகக் கத்தியைக் கீழே வைத்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"எந்த டாக்டர்?"

"எங்கிட்ட மறைக்காதம்மா. உனக்கா, எனக்கா?"

"யாருக்கும் ஒண்ணுமில்லைங்க. நல்லா நறுக்குறீங்கன்னு சொன்னேன்."

"அப்ப எனக்குத்தான்" என்று கணவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று சமையலை டீச்சரே முடிக்க வேண்டியதாயிற்று. கணவர் ஊரிலிருந்த தன் அக்காவுக்குப் போன் போட்டு, "ஒண்ணுமில்லக்கா, சும்மா உன் குரலைக் கேக்கணும்போல இருந்தது" என்று தழுதழுத்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை. சுவரை ஒட்டிய கம்பியைப் பிடித்தபடி ஒன்பது பேரும் முழங்காலை மடக்கினார்கள். பல் டாக்டரின் முழங்கால்கள் வழக்கம்போல ஒன்றோடொன்று ரகசியம் பேசின. டீச்சரின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார்.

"அருமை, டாக்டர்."

டாக்டர் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

"என்னையா சொன்னீங்க?"

"உங்களைத்தான்."

"எது அருமை? இடதா, வலதா?"

"ரெண்டும்."

டாக்டருக்கு வியர்த்தது. இத்தனை நாள் எது தப்பு என்று தெரிந்திருந்தது, இப்போது ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மடக்கலில் வலதைச் சொன்னால் இடது வந்தது. டீச்சர் அவசரமாக லாரி டிரைவரிடம் தாவினார்.

"ரொம்ப நல்லா இருக்கு. இப்படியே இருங்க."

டிரைவர் சொன்ன பேச்சைத் தட்டாதவர். இப்படியே இருந்தார். பாட்டு மாறியது, மற்றவர்கள் நடு அறைக்கு வந்தார்கள், அவர் மட்டும் பாதி மடக்கிய காலோடு கம்பியருகே இருந்தார். தொடை பிடித்துக்கொண்ட பிறகு இரண்டு பேர் அவரை அதே வடிவத்தில் தூக்கிப் பெஞ்சில் வைத்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் வக்கீல் அம்மா டீச்சரை ஓரமாக அழைத்தார்.

"டீச்சர், வேலையை விட்டுப் போறீங்களா?"

"இல்லையே! ஏன் கேக்குறீங்க?"

"வந்ததுலேருந்து எல்லாரையும் பாராட்டிப் பேசுறீங்களே."

"நீங்கல்லாம் நல்லா ஆடுறீங்க, அதான்."

"அப்ப முடிவே பண்ணிட்டீங்க" என்று வக்கீல் அம்மா மூக்கை உறிஞ்சினார்.

பாராட்டு சரிப்படாது என்று டீச்சருக்குப் புரிந்தது. ஆனால் தப்பைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. உள்ளுக்குள் அடைத்து வைத்ததில் நெஞ்சு எரிந்தது. குளிக்கும்போது ஷவரைத் திட்டினார். சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியபோது முன்னால் நின்ற சைக்கிள்காரரின் முதுகு வளைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வாயால் சொன்னால்தானே திட்டு? எழுதிக் கொடுத்தால்?

புதன்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து, யார் யாருக்கு என்ன தப்பு என்று சின்னச் சின்னச் சீட்டில் மரியாதையாக எழுதி, அலமாரியில் அவரவர் இடத்தில் இருந்த ஆட்டக் காலணிகளுக்குள் செருகினார். முந்தின நாள் சாயங்காலம் துப்புரவு செய்தவர் அலமாரியைத் துடைத்துவிட்டு, காலணிகளை அளவுவாரியாக அழகாக அடுக்கி வைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

"குதிக்கும்போது இன்னும் உயரம் வேணும், பயப்படாதீங்க" என்ற சீட்டு, நாற்பது கிலோ எடையுள்ள தையல்காரம்மாவுக்காக எழுதியது. அது லாரி டிரைவருக்குக் கிடைத்தது.

"கையை ஆட்டவே ஆட்டாதீங்க" என்பது, வாதாடுகிற மாதிரி கை வீசும் வக்கீல் அம்மாவுக்கு. அது, வகுப்புக்குப் பியானோ வாசிப்பவர் அதே அலமாரியில் வைத்திருக்கும் செருப்பில் இருந்தது. அவர் பதினைந்து வருடமாக யாரையும் எதிர்த்துப் பேசாதவர். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பாட்டு எங்கே?" என்றார் டீச்சர்.

பியானோக்காரர் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டார்.

பாட்டு இல்லாத அந்த அமைதியில் லாரி டிரைவர் குதித்தார். பயப்படாமல் குதித்தார். கீழ்த் தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. நாலாவது குதிப்புக்கு அந்தக் கடைக்காரர் கையில் நாலு உடைந்த ஃப்ரேமோடு படியேறி வந்து நின்றார். மேனேஜர் வந்தார். நோட்டுப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

டீச்சர் படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். யாராக இருக்கும்? டாக்டரா? "முழங்காலா இது, மூடின கடையா? திறங்க!" என்று போன மாதம் கேட்டது தப்போ? டிரைவரா? தினமும் அவரிடம்தான் தொண்டை அதிகம் போகிறது. பக்கத்தில் நூலகத்து அம்மா உட்கார்ந்து வெளிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கடைசி வரிசைக்காரர், அறுபது வயதுக்காரர், சத்தமே வராமல் வந்துபோகிறவர்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. நான் அவ்வளவு மோசமாவா திட்டுறேன்?"

நூலகத்து அம்மா செருப்பு வாரை இறுக்கினார்.

"நான் என்னத்தை டீச்சர் சொல்றது? வாங்கினவங்களைத்தான் கேக்கணும்."

எவ்வளவு பண்பான மனுஷி என்று டீச்சருக்குக் கண் கலங்கியது.

வியாழக்கிழமை டீச்சர் வாயையே திறக்கவில்லை. தலையை ஆட்டினார், சிரித்தார். ஒன்பது முதுகுகள் அரை அங்குலம் தளர்ந்தன. வெள்ளிக்கிழமை மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது அந்த அரை அங்குலம் இரண்டு அங்குலம் ஆகியிருந்தது. டீச்சர் போகப் போகிறார் என்ற செய்தி பரவியிருந்ததால் எல்லார் முகத்திலும் துக்கம் விசாரிக்க வந்த களை. பியானோ அழுது வடிந்தது.

டீச்சர் சிரித்தார். கன்னம் வலிக்கச் சிரித்தார். டாக்டரின் முழங்கால்கள் ஒட்டின. சிரித்தார். வக்கீல் அம்மாவின் கை தையல்காரம்மாவின் மூக்கில் இடித்தது. சிரித்தார். மேனேஜரின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. சுவரிலிருந்த கண்ணாடியில் லாரி டிரைவர் டீச்சரையே பரிதாபமாகப் பார்த்தார். ஒற்றைக் காலில் நின்று, எட்டு எண்ணும் முன்பே, ஐந்தில், காலைக் கீழே வைத்துவிட்டார்.

"அஞ்சா?" என்றார் டீச்சர்.

பியானோ நின்றது.

"அஞ்சு எண்ணுறதுக்காகவா ரெண்டு வருஷம் என் உயிரை வாங்கினீங்க? தூக்குங்க காலை! டாக்டர், அந்த முழங்காலுக்கு இன்னிக்கு என்ன லீவா? வக்கீல் அம்மா, கேஸ் முடிஞ்சுபோச்சு, கையைக் கீழ போடுங்க! தையல்காரம்மா, தரையில என்ன ஊசியா தேடுறீங்க? நிமிருங்க! பியானோக்காரரே, யார் செத்துட்டாங்க? வாசிங்க!"

பியானோ துள்ளியது. டீச்சர் வரிசையில் நடந்தபடி ஒவ்வொருவராகப் பிடித்தார். நாலு நாள் சேர்த்து வைத்ததெல்லாம் கொட்டியது. திட்டு விழ விழ முதுகுகள் எழுந்தன, கழுத்துகள் நீண்டன, முகங்கள் மலர்ந்தன. "டீச்சர் போகலைடா!" என்று டிரைவர் ஒற்றைக் காலில் நின்றபடியே கத்தினார். ஒன்பது எண்ணினார். பத்தும் எண்ணினார்.

பாட்டு முடிந்தது. டீச்சருக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் நாற்காலி ஞாபகம் வந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று.

"எழுதிக்கோங்க சார்" என்றார். "எனக்கு வேற மாதிரி சொல்லித்தரத் தெரியாது. இவங்க மேல எனக்கு உயிரு. அதான் திட்டுறேன். இங்க யாருக்கு அது வலிச்சுதோ, அவங்க என்னை மன்னிச்சுக்கணும்."

மேனேஜர் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, கடைசி வரிசையைப் பார்த்தார்.

நூலகத்து அம்மா கையைத் தூக்கினார். "பாத்தீங்களா சார், இவ்வளவு நடந்தும் எல்லாரையும் திட்டிட்டு என்னை மட்டும் ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டாங்க, ரெண்டு வருஷமா இதே கதைதான்னு லெட்டர்லயே எழுதியிருந்தேனே!"