ஆறாவது புள்ளி

மதிப்பிற்குரிய மூத்த சகோதரி அவர்களுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் சுகம். அங்கே தாங்களும், வலக்கண் நீங்கலாக, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் கடிதம் வந்தது. பதினெட்டாம் தேதி இங்கே வந்து, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே கண் ஆபரேஷன் செய்துகொள்வதாகவும், அதன்பின் மூன்று வாரம் தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் எங்களோடு தங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆழ்ந்து யோசித்தேன். வர வேண்டாம். கோபத்தில் சொல்வதாக நினைக்காதீர்கள், கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன்.

இந்த வீட்டுக்குத் தாங்கள் நான்கு முறை வந்திருக்கிறீர்கள். முதல் முறை ஏழாம் நாள் சண்டை. என் பரீட்சைத்தாள் கட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கி அழகாக அடுக்கி வைத்தீர்கள். அதில் எது திருத்தியது, எது திருத்தாதது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் முறை ஐந்தாம் நாள், ஜன்னல் திரையை மாற்றியதற்கு. மூன்றாம் முறை மூன்றாம் நாள், மாற்றிய திரையை நான் திரும்ப மாற்றியதற்கு. நான்காம் முறை வந்த அன்றே, கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே, "ஏன்டா இப்படி இளைச்சுப் போயிட்ட, இந்த வீட்டுல யாரும் உனக்குச் சாப்பாடு போடுறதில்லையா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டீர்கள். இந்த வீட்டில் 'யாரும்' என்றால் ஒரே ஒருத்திதான். அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பேச்சு வளர்ந்தது. பெட்டியைத் திறக்காமலே அடுத்த வண்டியில் திரும்பிப் போனீர்கள். அதற்கு இரண்டு வருடம் ஆகிறது.

ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று. ஒவ்வொரு முறையும் இரண்டு குறைகிறது. எத்தனையாவது முறையோ அதை இரண்டால் பெருக்கி ஒன்பதிலிருந்து கழித்தால் சண்டை நாள் வந்துவிடும். ஐந்தாம் முறைக்குப் போட்டுப் பாருங்கள்: கழித்தல் ஒன்று. வந்து சேரும் நாள் ஒன்று என்றால் முந்தைய நாள் பூஜ்யம், அதற்கும் முந்தைய நாள் கழித்தல் ஒன்று. அதாவது தாங்கள் இன்னும் வண்டியே ஏறாதபோது நாம் சண்டை போட்டாக வேண்டும். அந்தச் சண்டைதான் இந்தக் கடிதம். தபால் தாமதத்தை உத்தேசித்துச் சில நாள் முன்னதாகவே போட்டுவிடுகிறேன்.

விதி என்றால் இந்தக் காலத்தில் யாருக்கும் மரியாதை இல்லை. நேற்று எட்டாம் வகுப்பில் பாடம். தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். போர்டில் வட்டம் போட்டு, விளிம்பில் இரண்டு புள்ளி வைத்து இணைத்தேன். வட்டம் இரண்டு துண்டானது. மூன்று புள்ளி வைத்து ஒவ்வொன்றையும் மற்றவற்றோடு இணைத்தால் நான்கு துண்டு. நான்கு புள்ளிக்கு எட்டு, ஐந்துக்குப் பதினாறு. "ஆறு புள்ளி வச்சா?" என்றேன். வகுப்பே ஒரே குரலில் முப்பத்திரண்டு என்றது. தலைமையாசிரியை தலையாட்டினார். இருபத்தொன்பது வருடமாக இந்த இடத்தில்தான் நான் சாக்பீஸைக் கீழே வைப்பது.

அப்போது மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. வகுப்பில் சந்தேகப்புலி என்று பெயரெடுத்த பெண்.

"சார், முப்பத்தொண்ணுதான் வருது."

"திரும்ப எண்ணும்மா."

"மூணு தடவை எண்ணிட்டேன் சார்."

"ஒரு துண்டை எங்கேயோ விட்டுட்ட."

"விடலை சார். நீங்களே எண்ணிப் பாருங்க."

நான் எண்ணவில்லை. அவள் நோட்டை வாங்கிச் சிவப்பு மையில் தப்பு போட்டு, "விதி புரியாதவங்கதான் விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருப்பாங்க" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் நோட்டை மூடினாள். மணி அடிக்கும்வரை திறக்கவே இல்லை. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்ததும் தங்கள் ஞாபகம் வந்தது என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

தங்கள் ஊரிலேயே நர்ஸ் வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றின் விலாசம் இணைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சொட்டு மருந்து விடுவார்களாம். அலமாரிகளும் நிறைய இருக்கின்றனவாம்.

தங்கள் உடல்நலத்துக்கும் கண்ணொளிக்கும் மனமார வேண்டிக்கொள்ளும்,
தம்பி

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியதைக் கிழித்துப் போடப் போனேன். உன் தம்பியின் லட்சணம் உனக்கும் தெரியட்டும் என்று என் மனைவி விடமாட்டேன் என்கிறாள்.

தபாலில் போடச் சொல்லி அவளிடம்தான் கொடுத்தேன். அவள் படிக்காமல் எதையும் தபாலில் போட்டதில்லை. "அந்தப் பொண்ணு சொன்னதை எண்ணிப் பாத்தீங்களா?" என்றாள். விதி இருக்கும்போது எதற்கு என்றேன். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு, பென்சிலை என் கையில் திணித்தாள். அக்கா, இத்தனை வருடத்தில் நான் ஆறாவது புள்ளியை வைத்ததே இல்லை. ஐந்தோடு நிறுத்திவிடுவேன். இப்போது வைத்து எண்ணினால் முப்பது வருகிறது! சம தூரத்தில் வைத்ததால் நடுவில் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டி ஒரு துண்டை விழுங்கிவிட்டன. ஒரு புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தினேன். முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவது துண்டைத் தேடி அரை நோட்டைத் தீர்த்தேன். அப்படி ஒன்று கிடையாது.

"நாலு தடவையை வச்சுக்கிட்டு அஞ்சாவதையும் நீங்களே எழுதிட்டீங்க. உங்க அக்கா தனியாக் கிடக்கட்டும்னு நான் சொன்னேனா?" என்றாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம். இன்னொரு முறை நீ பெட்டியைத் திறக்காமல் திரும்பிப் போவதை என்னால் பார்க்க முடியாது. இவ்வளவு கணக்கும் அதற்குத்தான்.

இன்று திங்கட்கிழமை. வகுப்பில் எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் நோட்டைத் திறந்தாள். "அப்போ ஏழு புள்ளி வச்சா எவ்வளவு சார்?" என்றாள். "தெரியலைம்மா. வரைஞ்சு பாக்கலாம்" என்றேன். கணக்கு வகுப்பில் தெரியாது என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஐந்தாவது முறை எந்த நாள் சண்டை வரும் என்றும் எனக்குத் தெரியாது. பதினெட்டாம் தேதி வா. ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன். முன்னைவிட இன்னும் கொஞ்சம் இளைத்துத்தான் இருக்கிறேன். கண்ணில் கட்டைப் பிரித்ததும் நீயே பார்த்துச் சொல்.