தாங்கள் ஒப்படைத்த பூனைக்கு நீரடைப்பு ஏற்பட்டது குறித்து

திண்டுக்கல்,
12.5.2003

அன்புள்ள மாப்பிள்ளை கிளெமென்ட் அவர்களுக்கு, மாமனார் ஸ்தனிஸ்லாஸ் எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் தங்கள் பூனையைத் தவிர இங்கு எல்லாரும் சுகம். தாங்களும் ஷைனியும் மஸ்கட்டில் ஏ.சி. போட்டுக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்று வயதுக் கடுவனை என் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறினீர்களே, அது ஒரு வாரமாகக் கண்ட இடத்தில் குந்தி முக்கியது. அதற்கென்று வைத்த மண் தட்டை விட்டுவிட்டு என் ஈஸிசேரில், உங்கள் மாமியார் பூசைக்குக் கட்டும் சேலையில், கடைசியில் பங்குச்சாமியார் கழற்றிப்போட்ட செருப்பில். எங்கேயும் இரண்டு சொட்டுதான். முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்தவன் நான், இது திமிர் என்று முடிவுகட்டிக் குளியலறையில் போட்டு அடைத்தேன். உங்கள் மாமியாரோ, "திமிருமில்ல ஒண்ணுமில்ல, நீர்க்கடுப்பு. கால் பெருவிரல்ல சுண்ணாம்பு வச்சா செத்த நேரத்துல சரியாப்போகும்" என்றாள். நாலு காலில் எது பெருவிரல் என்று அரைமணி நேரம் வாதாடினோம். பூனை என் கையைப் பிறாண்டி விவாதத்தை முடித்துவைத்தது.

நேற்று சுத்தமாக அடைத்துக்கொண்டது. வயிறு கல்லாகி, கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. கூடையில் வைத்துக்கொண்டு மாட்டு டாக்டர் ஜெரோமிடம் ஓடினேன். குழாய் விட்டு நீரை எடுத்தார். "இளவட்டக் கடுவனுக்கு இது வாரதுதான் சார். காஞ்ச தீனி, தண்ணி குடிக்கிறதில்ல, அடைச்சுக்கிருச்சு. நாளைக்குள்ள தானாப் போகலைன்னா பிழைக்கிறது கஷ்டம். தண்ணி எம்புட்டு வச்சீங்க?" என்றார்.

தீனி தாங்கள் அனுப்பிய பாக்கெட்தான். ஆனால் தண்ணீர்? இந்த ஊரில் பதினைந்து நாளைக்கு ஒருக்கத்தான் குழாயில் வருகிறது, மாப்பிள்ளை. தங்கள் தகப்பனார் வந்தபோதே அரைத் தம்ளர்தான் கொடுத்தேன். கிண்ணத்தைத் தட்டித் தட்டிக் கொட்டுகிறதே என்று, பூனைக்கு நாளைக்கு ஒரு மூடித் தண்ணீர் என்று குறைத்தவன் நான்தான். டாக்டரிடம், நிறைய வைத்தேன் என்று பொய் சொல்லிவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆகவே, பிழைத்தாலும் அதற்கு இனி என் வீட்டில் இடமில்லை. உடனே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவும். ஷைனிக்கு எங்கள் ஆசீர்வாதம். இரவு ஜெபத்தை விட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
ஸ்தனிஸ்லாஸ்

பி.கு.: மேலே மை கலைந்திருப்பதைப் பார்த்து நான் அழுதேன் என்று நினைக்க வேண்டாம். அழுதது அதற்கப்புறம். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு உறை தேடினேன், அதற்குள் அவன் ஏறி உட்கார்ந்து தாராளமாக ஒன்றுக்குப் போய்விட்டான், முழுத் தம்ளர் இருக்கும். வேறு தாளில் எழுதச் சொல்கிறாள் உங்கள் மாமியார். மாட்டேன், நல்ல சேதி இந்தத் தாளில்தான் இருக்கிறது. ஆள் அனுப்ப வேண்டாம். வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.