பன்னிரண்டு ஆரஞ்சுக் கூம்புகளும் ஒரு பச்சைக் கொப்பும்

சக்கரம், அச்சு இயந்திரம், ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்பு ஆகிய மூன்றும்தான் மனித குலத்தை முன்னேற்றியவை. முதல் இரண்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மூன்றாவதைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர் இல்லை. திருவனந்தபுரத்தில் சாலையோர மரங்களை வெட்டித்தரும் ஒரு நிறுவனத்தில் நான் 'போக்குவரத்துப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்'. பெயர் ராமசுப்ரமணியன். வீடு கரமனை. மரம் ஏறத் தெரியாது.

நான் பொறுப்பேற்பதற்கு முன் எங்கள் ஆட்கள் கடைப்பிடித்த முறையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மரமேறி நேசமணி மேலே போனதும் முதலில் ஒரு சின்னக் கொப்பை வெட்டிப் போடுவார். கீழே நிற்கும் அவர் மனைவி லீலாபாய் அதை இலையோடு இழுத்துக்கொண்டுபோய், நாற்பது தப்படி தள்ளி ரோட்டில் போட்டுவிட்டு, சிவப்புத் துணியுடன் அதற்குப் பின்னால் நிற்பார். நம் ஊரில் ரோட்டில் பச்சைக் கொப்பு கிடந்தால் லாரிக்காரர்கூட வேகத்தைக் குறைப்பார். வண்டி எதுவும் பழுதாகி நிற்கிறதோ, குழி கிழி இருக்கிறதோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டே போவார். இப்படியே பதினோரு வருஷம். ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. விபத்தே நடக்காததால் 'விபத்துத் தடுப்பு' என்ற துறை எங்கள் நிறுவனத்தில் வளராமலே கிடந்தது.

நான் வளர்த்தேன். முதல் கூட்டத்தில் கூம்பு வேண்டும் என்று முடிவு செய்தோம். இரண்டாவது கூட்டத்தில் நிறம் முடிவானது. மூன்றாவதில் நான் எழுதிய இருபத்திரண்டு பக்கத் திட்டம் பலத்த கைதட்டலுக்கிடையே நிறைவேறியது. அதன் ஏழாம் பிரிவு: 'அங்கீகரிக்கப்பட்ட எச்சரிக்கைச் சாதனங்கள் தவிர வேறெதுவும் சாலையில் கிடத்தல் ஆகாது.' நேசமணியையும் லீலாபாயையும் கூட்டங்களுக்கு அழைக்கவில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது.

முதல் அமலாக்கம் ஒரு வளைவில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தடியில், காலை பத்து மணிக்கு. பன்னிரண்டு கூம்புகளையும் என் கையாலேயே வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் லீலாபாய் எதையோ இழுத்துக்கொண்டு வருகிறார்.

"அதென்னது?"

"கொப்பு சார்."

"அது சாதனம் இல்லை, குப்பையாக்கும். ஓரமாப் போடுங்கோ."

"சார், இதைப் பாத்தாத்தான் வண்டிக்காரன் மெதுவாப் போவான்."

"அதுக்குத்தானே கூம்பு?"

"கூம்பு எதுக்குன்னு அவனுக்குத் தெரியாது சார். கொப்பு தெரியும்."

மேலிருந்து நேசமணி குரல் கொடுத்தார்: "சாரே, அது அங்கேயே கெடக்கட்டும். அதை நம்பித்தான் அவ ரோட்டுல நிக்கா."

நான் அண்ணாந்து பார்த்து ஏழாம் பிரிவை முழுவதுமாக வாசித்தேன். லீலாபாய் கொப்பைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு ரோட்டோரச் சாக்கடை ஓடையில் போட்டார்.

கூம்புகள் உடனே பலன் தந்தன. அவற்றுக்குள்ளே, மர நிழலில், ஐந்தே நிமிடத்தில் மூன்று ஸ்கூட்டர்களை அழகாக நிறுத்திவிட்டுப் போனார்கள். குடை வைத்திருந்த ஒருவர் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாரு சாரே வருன்னது?"

"யாரும் வரல்லை. மரம் வெட்டறோம்."

"பேரு சொல்லண்டாம் சாரே. செக்யூரிட்டி காரணம் அல்லே?" என்று கண்ணடித்துவிட்டு, குடையை விரித்துக் காத்திருக்கத் தொடங்கினார். அவர் பின்னால் ஒரு கூட்டம் சேர்ந்தது.

தலைநகரத்துக்காரர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ரோட்டில் கூம்பு வரிசையாக வந்தால் மந்திரி வருகிறார். மந்திரி வந்தால் ரோட்டை அடைப்பார்கள். அடைப்பதற்குள் கடந்துவிட்டால் பிழைத்தோம், இல்லாவிட்டால் அரை மணி நேரம் வெயிலில் வேக வேண்டும். ஆகவே, வழக்கமாக முப்பதில் வருகிறவர்களெல்லாம் அறுபதில் வந்தார்கள். 'வாகனங்களின் வேகம் கணிசமாக மேம்பட்டுள்ளது' என்று குறித்துக்கொண்டேன்.

"சார், பயமாட்டு இருக்கு. கொப்பை எடுத்துப் போட்டுக்கிடட்டா?" என்றார் லீலாபாய்.

"முதல் கூம்புக்குப் பக்கத்திலே நில்லுங்கோ. திட்டத்திலே அதுதான் உங்க இடம்" என்றேன். அவர் அங்கே போய் நின்றார்.

பதினொரு மணிக்கு அனீஷ் என்பவரின் ஸ்கூட்டர் வந்தது. கூம்பில் இடிக்காமல் ஒதுங்கி, லீலாபாயை இடித்தது. அவர் கத்தவில்லை. மரத்தின் மேலிருந்து நேசமணிதான் கத்தினார். அவசரமாக இழுத்ததில் இடுப்புக் கயிற்றின் முடிச்சு இறுகிவிட்டது. அவர் கீழே வந்து சேர்வதற்குள் கூட்டத்தில் நின்றவர்களே லீலாபாயை ஆட்டோவில் ஏற்றியிருந்தார்கள்.

அனீஷ் என் முன்னால் அழுதார். "மந்திரி வரும் முன்னே கடந்துடலாம்னு பார்த்தேன் சாரே. கோன் கண்டேன். அதிலே இடிச்சா போலீஸ் கேஸ் ஆகும்னு ஒதுங்கினேன்."

அதாவது, கூம்பு அவர் கண்ணில் பட்டிருக்கிறது! பன்னிரண்டையும் எண்ணிப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லீலாபாய்க்கு வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு, இடுப்பு வரை மாவுக்கட்டு. விசாரணைப் படிவத்தை எடுத்து, கையெழுத்துக்காக அவரிடம் நீட்டினேன். அதையும் நான்தான் தயாரித்தேன். 'விபத்துக்குக் காரணம்: (அ) வாகன ஓட்டி (ஆ) தொழிலாளி (இ) மரம். ஒன்றை மட்டும் குறிக்கவும்.' வாகன ஓட்டி சாதனங்களை மதித்து ஒதுங்கியவர். மரம் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஆகவே (ஆ)வைக் குறித்திருந்தேன்.

"இதுல ஒப்பு போட்டா?" என்று கேட்டார் லீலாபாய்.

"பாதுகாப்புப் பயிற்சி முடியற வரைக்கும் ரோட்டு வேலைக்கு வர முடியாது."

"கால் சரியானாலுமா சார்? பயிற்சி எப்போ?"

"பாடத்திட்டம் எழுதணும். அதுக்கு முதல்லே ஒரு கூட்டம் போடணும்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நேசமணி படிவத்தை வாங்கி, விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்.

"வண்டிக்காரன் இருக்கான். இவ இருக்கா. மரம்கூட இருக்கு. கொப்பை எடுக்கச் சொன்ன ஆளைக் காணோமே சார்?"

படிவம் எழுதுகிறவர் படிவத்துக்குள் வருவது நிர்வாக மரபல்ல என்று பொறுமையாக விளக்கினேன். நேசமணி படிவத்தை என் மடியில் வைத்துவிட்டு, மனைவியின் கால்மாட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

என் திட்டத்தால் யாருக்கும் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். சுத்தப் பொய். நடந்த எல்லாவற்றிலிருந்தும் ஒருவன் ஒரு கீறல் இல்லாமல் தப்பித்திருக்கிறான். அந்த இருபத்திரண்டு பக்கங்களையும் அவன்தான் எழுதினான்.