சோபாவுக்கு அடியில ஒரு மொச்சக்கொட்டை

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. சோபாவை நகர்த்திட்டுக் கூட்டணும்.

கூட்டினேன். ஒரு பேனா மூடி, கொஞ்சம் கடலைத்தோல், அதோட மொச்சக்கொட்டை சைசுல ஒரு சாமான். தோல் கலரு. மேல பொடிசா ஒரு ஓட்டை. பின்னாடி நரம்பு மாதிரி வால் வேற.

வீட்டுக்காரர் பார்த்துட்டு மிக்ஸி பார்ட்டுன்னார். அவருக்குப் பேர் தெரியாத எல்லாமே மிக்ஸி பார்ட்டுதான்.

பக்கத்து ரூம்ல மாமனார் தலகாணியை உதறி உதறி எதையோ தேடிக்கிட்டிருந்தார். என்ன தேடுறீங்கன்னா, ஒண்ணுமில்லைன்னுட்டார். அவர்கிட்ட காட்டியிருக்கலாம். ஆனா நான் படிச்சவளாச்சே! ஃபோட்டோ எடுத்து, பேர் தெரியாத சாமானுக்குப் பேர் சொல்ற ஒரு ஃபேஸ்புக் குரூப்ல போட்டேன். தெரியாதுங்கிற வார்த்தையே தெரியாதவங்க கூடுற இடம் அது.

முதல் ஆள் பல்லி முட்டைன்னார். பல்லி முட்டைக்கு ஏதுங்க வாலுன்னு ரெண்டாவது ஆள் சண்டைக்கு வந்தார். ஒரு அம்மா, அது நாகரத்தினம், பூஜை ரூம்ல வெச்சுப் பால் ஊத்தச் சொன்னாங்க.

அப்பதான் கூலிங் கிளாஸ் போட்ட ஒருத்தர் வந்தார். "மேடம், இது ஒட்டுக்கேக்குற மைக். ஃபாயில் சுத்தி எவர்சில்வர் டப்பாவுல போடுங்க. வீட்ல யாரும் சத்தமாப் பேசாதீங்க."

அதுக்கு எக்கச்சக்க லைக். இத்தனை பேர் லைக் போட்டது பொய்யாவா இருக்கும்?

ஸ்ரீரங்கத்துல ரெண்டாவது மாடியில, சாம்பாருக்கு முருங்கையா கத்திரியான்னு நடக்குற பேச்சை எந்த நாட்டுக்காரன் ஒட்டுக்கேக்கப் போறான்னு எனக்குத் தோணவே இல்ல.

டப்பாவுல போட்டு மூடினேன். அன்னைக்குப் பூரா வீட்ல குசுகுசுதான். மாமனாரைச் சாப்பிடக் கூப்பிட்டதும் குசுகுசு. அவர் என் வாயையே பார்த்துட்டு, பேப்பரைப் பிரிச்சுட்டார். நானும் வீட்டுக்காரரும் அடுப்படியில கையாலயே பேசிக்கிட்டதையும் பார்த்துட்டார்.

சாயந்திரம் பையோட வந்து நின்னார். "எனக்கு மறைச்சுப் பேசுற வீட்ல எனக்கென்ன வேலை? நான் புத்தூருக்கே போறேன்." புத்தூர்ல அவர் பொண்ணு வீடு, அதாவது என் நாத்தனார் வீடு.

வீட்டுக்காரர் பதறிப்போய், போகாதீங்கப்பான்னு கெஞ்சினார். அதையும் குசுகுசுன்னுதான் கெஞ்சினார். மாமனார் திரும்பிக்கூடப் பார்க்காம படியிறங்கிட்டார்.

கொஞ்ச நேரத்துல குரூப்ல புதுசா ஒரு பதில். போட்டது என் நாத்தனார்.

"அண்ணி, அது அப்பாவோட காது மிஷின். போன மாசம் தில்லை நகர்ல நான்தான் வாங்கிக் குடுத்தேன். உங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டார். இப்ப இங்க உக்காந்து அழுதுக்கிட்டிருக்கார்."

அத்தனை பேர் முன்னாடி! கூலிங் கிளாஸ்காரர் அதுக்கும் ஒரு ஹார்ட் போட்டார்.

டப்பாவைத் தூக்கிக்கிட்டு வண்டியில பறந்தோம். காவிரிப் பாலம் தாண்டுற வரைக்கும் டப்பாவை மடியில அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன். அந்த வயசுல ஒரு மனுஷனை ஒரே நாள்ல அழவெச்சு அனுப்பிட்டேனே.

புத்தூர்ல மாமனார் மிஷினை வாங்கித் துடைச்சுக் காதுல வெச்சுக்கிட்டார்.

"மன்னிச்சிடுங்க மாமா. நீங்க மிஷின் போட்டிருக்கீங்கன்னே எங்களுக்குத் தெரியாது."

"அது தெரியும்மா," சாந்தமாச் சொன்னார். "தெரிஞ்சிருந்தா ஒரு மாசமா அடுப்படியில என்னைப் பத்தி அவ்வளவு தைரியமாப் பேசியிருக்க மாட்டீங்க."

மறுநாளே வீட்டுக்கு வந்துட்டார். இப்பல்லாம் அடுப்படியில நானும் வீட்டுக்காரரும் வெயிலைப் பத்தி மட்டும்தான் பேசுறோம்.