மெல்லிசு லேப்டாப் வாங்கிய மயில்

ஒரு காட்டில் சிங்கத்தைவிடக் கல்யாண வீடியோக்காரர்களுக்கு மவுசு கூடியிருந்த காலம் அது. அணில் வீட்டுக் காதுகுத்துக்கே நாலு கேமரா வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே நல்லமுத்து என்றொரு மரநாய் இருந்தது. எடுத்த காட்சிகளை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பதில் படு கெட்டி. மயில்வாகனம் என்றொரு மயிலும் அதே தொழிலில் இருந்தது. அதற்குத் தோகை விரிக்கத் தெரியும்.

யானைக் கூட்டத்தின் தலைவி பெரியநாயகி, மகள் கல்யாணத்துக்கு வீடியோ ஆள் தேடுவதாகச் செய்தி வந்தது. நல்லமுத்துவின் பழைய கம்ப்யூட்டரோ, நாலு கேமராக் காட்சியை ஒன்றாகப் போட்டால் மூர்ச்சையாகிவிடும்.

"இந்த வேலையும் கைநழுவிப் போச்சுன்னா, கடையை மூடிட்டுக் காப்பிப் பழம் பொறுக்கத்தான் போகணும்," என்றது அதன் மனைவி.

மரநாயும் மயிலும் ஒரே நாளில் கீரியின் லேப்டாப் கடைக்குப் போயின.

"நாலு கேமராக் காட்சியை ஒண்ணா ஓட்டினா திணறாதே?" என்று நல்லமுத்து கேட்டது.

"வாரண்டி இருக்கு சார்," என்றது கீரி.

"கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கா?"

"எல்லாக் கார்டும் எடுத்துக்கறோம் சார்."

"கலர் சரியா வருமா?"

"சில்வர், கறுப்பு, ரோஸ். எது வேணும்?"

நல்லமுத்து பெருமூச்சு விட்டுவிட்டு, தானே ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தது. கடைசியில் மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. தடித்த உடம்பு. சார்ஜர் மட்டுமே செங்கல் கனம். ஆனால் எதைப் போட்டாலும் அசரவில்லை. மாம்பழ மஞ்சள் பட்டுப்புடவையை மாம்பழ மஞ்சளாகவே காட்டியது.

மயில்வாகனம் ஒரே கேள்விதான் கேட்டது: "இதுல எது மெல்லிசு?"

கீரி முகம் மலர்ந்து, பூவரச இலை போன்ற ஒன்றை எடுத்து நீட்டியது.

நல்லமுத்து தன் லேப்டாப்பை மூச்சிரைக்கத் தூக்கிக்கொண்டு போய், பெரியநாயகி முன்னால் மாதிரி வீடியோவைப் போட்டது. உள்ளேயிருந்த மின்விசிறி ஹோவென்று இரைந்தது.

"என்னப்பா இது, மாவு மில்லா?"

"வேலை பாக்குதும்மா, அதான் சத்தம்."

"இதைத் தூக்கிட்டு நீ கல்யாணத்துல நின்னா, சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க?"

படம் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை.

அடுத்து மயில் வந்தது. ஒற்றை நகத்தால் மூடியைத் திறந்தது. திரையில் ஓர் அருவிப் படம், அவ்வளவுதான். சத்தமே இல்லை. சும்மா இருக்கிற பொருள் எதற்குச் சத்தம் போடப்போகிறது?

"அடடா!" என்றது பெரியநாயகி. "பார்த்தாலே தெரியுதே, பெரிய தொழில்காரர்னு!"

கல்யாணம் முடிந்தது. மயில் எல்லாக் காட்சிகளையும் தன் லேப்டாப்பில் ஏற்றியது. அது தோசைக்கல்லாகச் சூடேறி அணைந்தது. மறுபடி போட்டது, மறுபடியும் அணைந்தது. மயில் நேரே மரநாயின் பொந்துக்கு வந்தது.

"தம்பி, எனக்கு மீட்டிங் மேல மீட்டிங். இதைக் கொஞ்சம் முடிச்சுக் குடு. பேரு மட்டும் என் பேரைப் போட்டுடு."

நல்லமுத்துவுக்கு ரத்தம் கொதித்தது. மூஞ்சியில் துப்பலாமா என்று நினைத்தது. மனைவியின் முகத்தைப் பார்த்தது. "சரிண்ணே," என்றது.

வீடியோவைப் போட்டுக் காட்டிய அன்று, மகள் புகுந்த வீடு புறப்படும் இடத்தில் பெரியநாயகி தேம்பித் தேம்பி அழுதது. கூட்டமே அழுதது. பிறகு துதிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியநாயகி சொன்னது: "எல்லாம் அந்த மெல்லிசு லேப்டாப்போட மகிமை!"

சபை கைதட்டியது. மயில் அடக்கமாகத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டது. கடைசி வரிசையில் நல்லமுத்து சும்மா உட்கார்ந்திருந்தது. "உனக்கென்ன பொறாமை? தட்டு!" என்று பக்கத்திலிருந்த பன்றி முறைத்தது. நல்லமுத்துவும் தட்டியது.

மறுநாளே காட்டிலுள்ள வீடியோக்காரர்கள் அத்தனை பேரும் கீரி கடையில் மெல்லிசு லேப்டாப் வாங்கினார்கள். அடுத்த வாரம் அத்தனை பேரும் மரநாயின் பொந்து வாசலில் வரிசையில் நின்றார்கள்.

நீதி: வேலை செய்கிற லேப்டாப்பை வாங்குகிறவன் வேலை செய்வான், வேலை செய்யாத லேப்டாப்பை வாங்குகிறவன் வேலை வாங்குவான்.