துரை பங்களாவில் நான் ஓட்டிய பேய்

படித்தவன் செய்யும் தப்புக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதற்கு அவனே விளக்கமும் வைத்திருப்பான். மற்றவர்கள் ஒரு கம்பியை மாற்றிப் பூட்டினால் "தெரியாமப் பூட்டிட்டேன்" என்று தலையைச் சொறிவார்கள். நான் பூட்டினால் தாளில் படம் வரைந்து காட்டுவேன். எங்கள் குடும்பத்தில் முதல் டிப்ளோமா என்னுடையது (மின்னணுவியல். சாமிப் படங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை அதற்கும் சாம்பிராணி உண்டு). அதனால் இந்த வியாதி எனக்குக் கொஞ்சம் முற்றியே இருந்தது.

டிப்ளோமா வாங்கி எட்டு மாதமாக ஈப்போவில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் காதர் அண்ணே கூப்பிட்டார். ஈப்போவில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். கோப்பெங் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் துரை பங்களாவை வாங்கிக் காப்பிக்கடை ஆக்கியிருந்தார். அறைக்கு அறை அந்தக் காலத்து வீடியோ கேம் பெட்டிகள், ஆளுயரத்தில், காசு போட்டு நின்றுகொண்டு விளையாடுகிற ரகம். பதினொன்று ஓடின. பன்னிரண்டாவதுதான் இருப்பதிலேயே பழையது. அதில் படம் நிற்காமல் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருந்தது.

"அத மட்டும் சரி பண்ணிட்டா, சனிக்கிழமை தொறப்புலயே நீதான் நம்ம நிரந்தர டெக்னீசியன்னு சொல்லிருவேன்லா" என்றார்.

நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் காவல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, என் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு அவரும் வந்தார்.

அப்பா பிறந்தது அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். இப்போது ரப்பரும் இல்லை, லயமும் இல்லை. சுற்றிலும் செம்பனை, நடுமேட்டில் பங்களா மட்டும். முன்வாசலில் நின்றவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இங்கே இப்போது யாரும் இல்லையே என்றேன்.

"யாரும் இல்லன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

அந்த வீட்டில் இறந்துபோன ஒரு துரை விடியலுக்கு முன்னே ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வந்து ஆட்களை எண்ணிவிட்டுப் போவார் என்று அப்பாவின் சின்ன வயதில் லயமே நம்பியிருக்கிறது. அடையாளமும் உண்டாம். அவருக்கு எல்லாமே திரும்பியிருக்கும், பாதம் முதல் சட்டைப் பொத்தான் வரை. நான் சிரித்தேன். (டிப்ளோமா சிரிப்பு. இப்போது கேட்டால் எனக்கே அறையத் தோன்றும்.)

பெட்டி இருந்தது துரையின் படுக்கையறையில். நல்ல பகல்தான், ஆனால் சன்னல்கள் சாத்தியிருந்தன. வெளியே மழை கருக்கட்டியிருந்தது. பெட்டியின் அமைப்பும் விசித்திரம். படக்குழாய் நம்மைப் பார்த்து நிற்கவில்லை. பெட்டியின் அடியில் மல்லாந்து கிடந்தது, கிணற்றுக்குள்ளிருந்து ஒரு முகம் மேலே பார்ப்பதுபோல. அதற்கு மேலே சாய்வாக ஒரு கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன். இது எதுக்கு என்று அப்பா கேட்டார்.

"அலங்காரம்" என்றேன்.

பிளக்கைப் பிடுங்கினாலும் படக்குழாய்க்குள் மின்சாரம் தங்கியிருக்கும். திருப்புளியில் கம்பி கட்டி அதை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றினேன். 'பட்' என்று நீலப்பொறி. அப்பா ஓரடி பின்வாங்கினார். இது பரவாயில்லை, கொஞ்ச நேரம் விட்டால் தானாகவே மறுபடி கொஞ்சம் ஊறும் என்று விளக்கினேன்.

"செத்தப்புறமும் உசுரு வருதுங்கிற. இதத்தானே நானும் சொல்றேன்" என்றார்.

விட்டுப்போயிருந்த ஓர் ஈயப் பற்றைச் சரிசெய்ததும் உருளல் நின்றது. குனிந்து பார்த்தேன். வேற்றுக் கிரகத்துப் பூச்சிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. மேலே இருந்த எழுத்துகளும் எண்களும் இடம் வலமாகத் திரும்பியிருந்தன. எல்லாமே. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த அப்பா சட்டைப்பையிலிருந்து திருநீற்றை எடுத்து முதலில் என் நெற்றியில் பூசினார், பிறகு பெட்டிக்கு.

என்னிடம் விளக்கம் இருந்தது. குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் சுருளில் யாரோ இரண்டு கம்பிகளை மாற்றிப் பூட்டியிருக்க வேண்டும். மாற்றினேன். எழுத்து நேராகியது. அப்பாவுக்கு மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து இடி இடிக்க, அடுப்படியில் இருந்த காதர் அண்ணேயின் அக்கா மைமூன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். கைவிளக்கு வெளிச்சத்தில் அலங்காரத்தைத் திரும்ப மாட்டிவிட்டு, போட்டுப் பார்க்காமலே வீடு திரும்பினேன்.

சனிக்கிழமை மதியம் நாற்பது பேர் வந்திருந்தார்கள். அப்பா கல்யாணச் சட்டையில் வந்திருந்தார். விளக்கைக் குறைத்தார்கள். மைமூன் அக்காதான் முதலில் விளையாட நின்றார். காதர் அண்ணே சுவிட்சைப் போட்டார்.

பூச்சிகள் கண்ணாடிக்குள், காற்றில் மிதந்தபடி எழுந்து வந்தன. பெட்டியின் பின்பலகையில் வரைந்திருந்த நிலவு அவற்றின் உடம்பு வழியாகத் தெரிந்தது. அந்தக் கண்ணாடி எதற்கு என்று எனக்கு அந்த நொடியில் புரிந்தது. அது கீழே கிடக்கும் படத்தைப் பிரதிபலித்துக் காட்டுகிற கண்ணாடி. அதில் நேராகத் தெரிவதற்காகவே கீழே படத்தைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். நான் அதை நேராக்கிவிட்டேன். கண்ணாடி திருப்பிவிட்டது.

அக்கா வலப்பக்கம் அழுத்தினார், பூச்சிகளைச் சுடும் கப்பல் இடப்பக்கம் போனது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் இடப்பக்கம். கையை மெதுவாக எடுத்து, உதடு அசையாமல் "பெண்டா கொத்தோர்" என்றார். மலாய் மொழியில் அழுக்குப் பொருள் என்று அர்த்தம். பேய் குடியிருக்கும் வீட்டில் அதன் நிஜப் பெயரைச் சொல்லக்கூடாது. நாற்பது பேரும் சேர்ந்தாற்போல் ஓரடி பின்னால் போனார்கள்.

அப்போதுதான், அந்த வீட்டில் உரக்கப் பேசியே அறியாத அப்பா வாயைத் திறந்தார்.

"எம்மவன் சரியாத்தான் செஞ்சான். நான் பக்கத்துல நின்னு பாத்தேன், எழுத்தெல்லாம் நேராத்தான் இருந்துச்சு. திருப்பினது இந்த வீட்டுக்காரரு."

அதில் நடு வாக்கியம் மட்டும் சத்தியம். நான் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சட்டையைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

காதர் அண்ணே பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் வாங்கிவரக் கோப்பெங்குக்குக் காரை எடுத்தார். அதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை பார்க்கிறேன் என்றேன். அப்பா என் கையைப் பிடித்தார். "தனியாவா?" அந்தப் பயத்துக்குக் காரணம் நான்தான் என்று தெரிந்தும் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் பயம் வந்துவிட்டது. திருப்பியது நான்தான் என்று தெரியும். இருந்தும், கழற்றிய கறுப்புக் கண்ணாடியில் என் முகத்துக்குப் பின்னால் தெரிந்த அறை, நான் நின்ற அறையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. மின்சாரத்தை வெளியேற்றினேன். 'பட்டார்'. வெளியே ஒரு தட்டு விழுந்து உடைந்தது. கம்பிகளை அவசரமாக மாற்றும்போது முழங்கை எங்கோ உரசியது. அதற்குள் ஊறியிருந்தது. அடித்த அடியில் நான் போட்ட அலறல், பிறகு சொன்னார்கள், என் குரல் மாதிரியே இல்லையாம்.

சுவிட்சைப் போட்டேன். எல்லாம் நேராக இருந்தது. கதவைத் திறந்தேன். யாரும் கைதட்டவில்லை. மைமூன் அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சர்க்கரை அதிகமாகப் போட்ட தேநீரை நீட்டினார். காதர் அண்ணே வந்து, ஓதிய தண்ணீரைப் பெட்டியை விட்டுவிட்டு என்மேல் தெளித்தார். வேலை நிரந்தரம் என்று சொன்னபோது அவர் பல் தந்தியடித்தது.

நாலு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். அந்தப் பெட்டியைப் பார்க்கவே தாப்பா ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தானாகச் சுற்றும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கெல்லாம் பேயோட்ட வரச்சொல்லி எனக்கு போன் வருகிறது.

மனசு கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அப்பாவை உட்காரவைத்து, அம்மாவின் முகம்பார்க்கும் கண்ணாடியையும் எழுத்து எழுதிய தாளையும் வைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பேயே இல்லை, தப்பு என்னுடையது என்றேன். அப்பா கடைசிவரை கேட்டார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"பாத்தியா? அது பெட்டிய விட்டுட்டு இவன்மேல ஏறிக்கிச்சு. தான் செஞ்சத இவன் செஞ்சதாச் சொல்ல வைக்குது."

மறுநாளே கோயிலுக்குக் கூட்டிப்போய் என் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். வருடா வருடம் புதிது மாற்றுகிறார்கள். வீட்டில் கரண்ட் போனால், மெழுகுவர்த்தி தேடுவதற்கு முன்பே தங்கை இருட்டிலிருந்து கேட்பாள்: "அண்ணே, கயிறு இருக்கா?" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், தொட்டுப் பார்த்துவிட்டு.